குதிரையேற்ற ஹெல்மெட் வாங்குவது எப்படி: டயலைத் திருகும் முன் பார்க்க வேண்டியவை

சவாரி வகுப்பில் சேர்ந்தால் பூட்ஸ், பிரீச்சஸ் என்ற சவாரிக் கால்சட்டை எல்லாம் மெல்ல வாங்கிக்கொள்ளலாம். ஹெல்மெட்டை மட்டும் முதல் வாரமே சொந்தமாக வாங்கிவிடுங்கள். லாயத்தில் ஆணியில் தொங்கும் பொது ஹெல்மெட் எத்தனை பேரோடு கீழே விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. அது உங்கள் தலைக்கு அளவெடுத்து வாங்கியதும் இல்லை.

முதலில் லேபிள்

ஹெல்மெட்டைத் திருப்பி, உள் துணியை விலக்கி லேபிளைத் தேடுங்கள். அமெரிக்கத் தரம் என்றால் ஏஎஸ்டிஎம் எஃப்1163 என்ற எண்ணும் எஸ்இஐ முத்திரையும் சேர்ந்து இருக்க வேண்டும். ஏஎஸ்டிஎம் விதியை எழுதும் அமைப்பு. அந்த விதிப்படி சோதித்துச் சான்று தருவது எஸ்இஐ. ஐரோப்பியத் தயாரிப்புகளில் விஜி1 01.040 அல்லது இஎன் 1384 என்று இருக்கும். இஎன் 1384 என்றால் ஆண்டையும் பாருங்கள். அதன் பழைய பதிப்புகள் விலக்கப்பட்டு 2017-ல் புதியது வந்தது. தள்ளுபடி விலையில் 2012 அல்லது அதற்கு முந்தைய ஆண்டு அச்சிட்ட சரக்கு கிடைத்தால் வேண்டாம். பிரிட்டனின் பிஏஎஸ் 015 இருந்தால் எனக்குக் கூடுதல் நம்பிக்கை. பக்கவாட்டில் நசுக்கிப் பார்க்கும் சோதனையும் அதில் உண்டு. ஐரோப்பியச் சந்தைக்கான வெறும் சிஇ முத்திரை மட்டும் இருந்து தர எண் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

வெல்வெட் போர்த்திய தொப்பிகளில் சில வெறும் உடை அலங்காரம்தான். பார்க்க ஹெல்மெட் மாதிரியே இருக்கும், லேபிளில் தர எண் இருக்காது. குதிரையை நளினமாக நடத்திக் காட்டும் டிரெஸ்ஸாஜ் போட்டிகளில் காலங்காலமாக அணிந்துவந்த டாப் ஹேட்டையே சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டது. கற்றுக்கொள்பவருக்கு அழகுத் தொப்பி எதற்கு?

தயாரிப்பு மாதமும் ஆண்டும் அதே லேபிளில் இருக்கும். ஒரு ஹெல்மெட்டை ஏறக்குறைய ஐந்து ஆண்டில் மாற்றிவிட வேண்டும் என்பதால் கடையிலேயே பழசானதை எடுக்காதீர்கள்.

அளவு

தையற்காரரின் இஞ்ச் டேப் போதும். புருவத்துக்கு 2.5 செ.மீ. மேலே, காதுகளுக்கு மேலாக, பின்மண்டை அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி, சென்டிமீட்டரில் எடுங்கள். மூன்று முறை எடுத்து அதில் பெரிய எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

வடிவம்: பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான்

57 செ.மீ. தலைகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலருக்கு நெற்றியிலிருந்து பிடரி வரை நீளம், சிலருக்கு ஏறக்குறைய வட்டம். ஹெல்மெட்டின் பின்பக்கம் இறுக்கத் திருகும் டயலைத் தளர்த்திவிட்டு ஹெல்மெட்டை நேராக வையுங்கள். விளிம்பு புருவத்துக்கு மேல் ஒன்றிரண்டு விரல் உயரத்தில் நிற்கட்டும். நெற்றியும் பின்மண்டையும் வலித்து, காதுக்கு மேலே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் உங்களுடையது நீளத்தலை, ஹெல்மெட் வட்டம். நெற்றிப்பொட்டு இரண்டையும் அழுத்தி முன்னும் பின்னும் காலியாக இருந்தால் நேர்மாறு. இரண்டுக்கும் மருந்து பெரிய சைஸ் அல்ல, வேறு மாடல்.

பெரிய சைஸை எடுத்து டயலை இறுக்கினால் சரியாகிவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். டயல் இறுக்குவது தலையைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் பட்டையை மட்டுமே. அதிர்ச்சியை வாங்க வேண்டிய தெர்மாகோல் அடுக்கு அப்போதும் தலையிலிருந்து விலகியே இருக்கும். விழும்போது ஓடு தலைமேல் வழுக்கித் திரும்பி, நெற்றியோ பிடரியோ வெளியே வந்துவிடும். பிள்ளைகளுக்கு 'வளர்ந்தாலும் போடட்டும்' என்று பெரிதாக வாங்குவதும் இதே ஆபத்துதான்.

சோதனை இப்படி. டயலும் தாடைப் பட்டையும் தளர்ந்திருக்க, குனிந்து தலையை மெதுவாக ஆட்டுங்கள். கையைக் கீழே வைத்துக்கொள்ளுங்கள், விழுந்தால் பிடிக்க வேண்டும். சரியான சைஸ் விழாது. பிறகு ஹெல்மெட்டைப் பிடித்து இடவலமாக அசைத்தால் புருவத் தோலும் கூடவே அசைய வேண்டும். கடைசியாக, 15 நிமிடம் கடையிலேயே போட்டுக்கொண்டு நில்லுங்கள். தலை முழுக்க ஒரே சீரான அழுத்தம் நல்லது. ஒரே புள்ளியில் வலி என்றால் விட்டுவிடுங்கள். ஆன்லைனில் வாங்கினால் வீட்டுக்குள் இதையெல்லாம் செய்து முடிக்கும்வரை டேக்கைக் கிழிக்காதீர்கள்.

டயல் இல்லாமல், ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் தனி சைஸாக வரும் மாடல்கள்தான் என் தேர்வு. அவற்றில் பொருந்தாதது உடனே தெரிந்துவிடும்.

பட்டை, காற்று, மிப்ஸ்

இருபக்கப் பட்டைகளும் காதுக்குச் சற்றுக் கீழே சேர வேண்டும். தாடைக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு விரல் இடம். முன்விளிம்பு கெட்டியாக இருந்தால் முகங்குப்புற விழும்போது கழுத்தைப் பின்னுக்குத் தள்ளும். வளையும் விளிம்பு நல்லது. சென்னை வெயிலுக்குக் காற்றுத்துளை நிறைய உள்ளதாகவும் உள் துணி கழற்றித் துவைக்கக்கூடியதாகவும் பாருங்கள்.

மிப்ஸ் என்பது உள்ளே 10 முதல் 15 மி.மீ. வரை நகரும் மெல்லிய அடுக்கு. சாய்வாக மோதும்போது மூளைக்குப் போகும் சுழற்சியைக் குறைக்கவே அது. பணம் இடம் கொடுத்தால் வாங்கலாம். ஆனால் பொருந்தாத மிப்ஸைவிடப் பொருந்தும் சாதா ஹெல்மெட் மேல். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2022 டிசம்பரிலிருந்து சவாரி ஹெல்மெட்டுகளுக்கு நட்சத்திர மதிப்பீடு தருகிறது. வாங்கும் முன் பார்த்துவிடுங்கள்.

வாங்கிய பின்

தலை ஒருமுறை பலமாக மோதினால் ஹெல்மெட்டை மாற்றிவிட வேண்டும். தெர்மாகோல் நசுங்கித்தான் அதிர்ச்சியை வாங்குகிறது, பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. வெளி ஓட்டில் கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். செகண்ட் ஹேண்ட் வேண்டாம் என்பதும் இதனால்தான். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள்; தின்னர், பெட்ரோல் தொட்டுத் துடைக்காதீர்கள், தெர்மாகோல் கரைந்துவிடும்.

பிறகு சேர்த்தவை

பைக் ஹெல்மெட் போதாதா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. போதாது. ஐஎஸ் 4151 என்ற ஐஎஸ்ஐ தரம் இருசக்கர வாகன விபத்துக்கானது. சவாரி ஹெல்மெட் பெரும்பாலும் அரை கிலோ சுமாருக்குத்தான் இருக்கும். முழுமுக பைக் ஹெல்மெட் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கனம், பயிற்றுநர் சொல்வதும் சரியாகக் கேட்காது. சைக்கிள் ஹெல்மெட் பின்மண்டையைப் போதிய அளவு மூடாது. எஃப்1163 சோதனையில் சமதளத்தோடு கூர்மையான விளிம்பின் மேலும் மோதவிட்டுப் பார்க்கிறார்கள். குளம்படிக்கும் வேலிக்கட்டைக்கும் அது தேவை.

நீள முடி உள்ளவர்களுக்கு: உச்சிக்கொண்டையோடு ஹெல்மெட் உட்காராது. பிடரிக்குக் கீழே தாழ்வாகப் பின்னிக்கொண்டு, அந்தப் பின்னலோடேயே அளவெடுத்துப் போட்டுப் பாருங்கள். ஹெல்மெட்டுக்கு அடியில் கிளிப், ஊசி எதுவும் வேண்டாம். அடிபட்டால் அவைதான் முதலில் குத்தும்.