கோட்டை நடையில் ஒரு வரலாற்றுப் பாடம்

வேலூர் வெயிலுக்கு நடைப்பயிற்சி காலை ஏழரைக்குள் முடிந்துவிட வேண்டும். கோட்டை அகழியோரம் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். முதல் 20 நிமிடம் நிற்காத வேகநடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். கதையை முதலிலேயே ஆரம்பித்தால் கல்லுக்குக் கல் நின்றுவிடுவார்கள், நடை போச்சு.

உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது 1806 ஜூலை 10-க்கு, ஆங்கிலேயருக்கு எதிராக இந்தக் கோட்டையில் நடந்த சிப்பாய்ப் புரட்சிக்கு வாருங்கள். தேதியை ஒப்பிக்க வைக்காதீர்கள் (அதைப் பள்ளிக்கூடமே பார்த்துக்கொள்ளும்). "வெறும் தலைப்பாகைக்கா சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கினார்கள்?" என்று கேளுங்கள். தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் தடை, கோட்டைக்குள் காவலில் திப்புவின் குடும்பம் என்று காரணங்கள் ஒவ்வொன்றாக வரும். புரட்சியை அடக்கிய குதிரைப்படை ஆற்காட்டிலிருந்து வந்தது, சுமார் 25 கிலோமீட்டர். நடைக்கு ஒரு கேள்வி போதும். ஜலகண்டேஸ்வரர் கோயிலை அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம்.