பழ ஓவியத்தில் முதலில் சொத்தையைத் தேடுங்கள்

பழங்களை அச்சு அசலாக வரைந்த ஓவியத்துக்கு முன்னால் நின்று "இதில் என்ன இருக்கிறது?" என்று முழிக்க வேண்டாம், கீழக்கரைச் சந்தையில் கொய்யாவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்போமே, அதே கண்ணோடு முதலில் சொத்தையைத் தேடுங்கள். அப்புறம் ஒளி எங்கே மினுக்குகிறது என்று பாருங்கள்.

நல்ல பழமாகவே பொறுக்கி வைத்திருக்கக்கூடிய ஓவியர், மெனக்கெட்டு ஓர் ஓட்டையை வரைகிறார் என்றால் அது சும்மா இல்லை. இத்தாலிய ஓவியர் காரவாஜியோ 1600-ஐ ஒட்டி வரைந்த பழக்கூடையில் (இப்போது மிலானில் இருக்கிறது) முன்னால் உள்ள ஆப்பிளில் புழு அரித்த ஓட்டை, ஓரத்தில் காய்ந்து சுருண்ட திராட்சை இலை. செழிப்பும் வாடலும் ஒரே கூடையில் இருப்பது அதைப் பார்த்த பிறகுதான் உறைக்கும். ஒளியும் அப்படித்தான். ஒரு நுங்கைச் சீவி ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள், அதன் மேல் மினுக்கும் அந்தச் சின்ன வெள்ளைப் புள்ளி ஜன்னலின் பிரதிபலிப்பு, ஈரம் காய்ந்தால் மங்கிவிடும், ஆகவே ஓவியத்தில் பழத்தின் வெட்டிய பக்கத்தில் அந்தப் புள்ளி இருந்தால், ஈரம் இன்னும் காயவில்லை, இப்போதுதான் வெட்டியது என்று அர்த்தம்.

பிரெஞ்சு ஓவியர் செசானின் ஆப்பிள்களிடம் இது செல்லாது. அவருக்குப் பழத்தின் வயதைவிட உருவமும் நிறமும்தான் முக்கியம். போனில் வரும் மங்கலான படத்திலும் வேண்டாம், சொத்தை எது, படத்தின் அழுக்கு எது என்றே தெரியாது.