கார்ன் பாம்பு முட்டையிடும் முன் டப்பாக்களை எண்ணுங்கள்

முதல் வருடம் என் கார்ன் பாம்பு (வீட்டில் வளர்க்கும் விஷமில்லாத பாம்பு வகை) 17 முட்டைகள் இட்டது. 16 பொரிந்தன. அன்று என்னிடம் இருந்த குஞ்சுப் பெட்டிகள் நான்கே நான்கு. மீதிப் பன்னிரண்டுக்கும் சமையலறையிலிருந்த பருப்பு டப்பாக்களில் ஓட்டை போட்டேன். எங்கள் வீட்டில் இன்றுவரை பருப்பு கடைப்பையிலேயே கிடக்கிறது. ஆகவே, இந்தப் பாம்பை இணை சேர்த்துக் குஞ்சு பொரிக்கவைக்கும் செய்முறையை முட்டையிலிருந்து தொடங்காமல் கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

படி 1: கணக்கு

ஓர் ஈட்டுக்குப் பெரும்பாலும் 10 முதல் 20 முட்டைகள் வரும். குஞ்சுகளை ஒன்றாக வைத்தால் ஒன்றையொன்று விழுங்கிவிடக்கூடும். எனவே குஞ்சுக்கு ஒரு பெட்டி. ஒவ்வொன்றிலும் இறுக்கமான மூடி, தண்ணீர்க் கிண்ணம், ஒளிய ஓர் இடம், ஒரு பக்கம் மட்டும் சூடு. தீனி, மயிர் முளைக்காத எலிக்குஞ்சு, வாரம் ஒன்று. 15 குஞ்சுகளை இரண்டு மாதம் வைத்திருந்தால் ஏறக்குறைய 120 எலிக்குஞ்சுகள். அவற்றை உறையவைக்க ஃப்ரீசரில் இடம் இருக்கிறதா? குஞ்சுகளை வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறதா? ஆறு குஞ்சுகளுக்குத்தான் வசதி என்றால் ஆறு முட்டைகளை வைத்துக்கொண்டு, மற்றவற்றை, கரு வளராமல் இருக்க, இட்ட அன்றே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். மனம் சங்கடப்படும்; பட்டினிக் குஞ்சுகளைப் பார்ப்பதைவிட அது மேல்.

உங்கள் ஊர்ச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் தென்கிழக்குதான் இந்தப் பாம்பின் பிறந்த மண். ஆனாலும் அங்கேயே உள்ள ஜார்ஜியா மாநிலத்தில் இதை வீட்டில் வளர்க்க அனுமதி இல்லை.

படி 2: தாய்

மூன்று வயது, மூன்று அடி, 300 கிராம். மூன்றும் சேர்ந்து அமையாத பெண்ணை இணை சேர்க்காதீர்கள். சிறிய உடம்பில் முட்டை அடைத்துக்கொண்டால் பாம்பே போய்விடும்.

படி 3: குளிர்

பலர் இணை சேர்ப்பதற்கு முன் பாம்புகளுக்கு இரண்டு மூன்று மாதம் குளிர் ஓய்வு கொடுக்கிறார்கள்: 10 முதல் 15 டிகிரி செல்சியஸ், தண்ணீர் உண்டு, தீனி இல்லை. அதற்கு இரண்டு வாரம் முன்பே தீனியை நிறுத்த வேண்டும்; குளிரில் செரிமானம் நடக்காது, வயிற்றில் கிடக்கும் எலி அழுகும். பிறகு படிப்படியாகச் சூட்டுக்குக் கொண்டுவந்து, நன்றாகத் தீனி போட்டு, முதல் சட்டை உரித்ததும் பெண்ணை ஆணின் பெட்டியில் விடுங்கள். பிணைந்த தேதியைக் காலண்டரில் குறியுங்கள்.

படி 4: ஈற்றுப் பெட்டி

பிணைந்து நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் தாய் மறுபடி சட்டை உரிக்கும். காலண்டரில் மிக முக்கியமான தேதி இது. இதிலிருந்து ஒன்றிரண்டு வாரத்தில் முட்டை. மூடியில் ஓட்டை போட்ட பெட்டியில் ஈரமான ஸ்பாக்னம் பாசியை நிரப்பி அன்றே உள்ளே வையுங்கள். அது இல்லையென்றால் தாய் தண்ணீர்க் கிண்ணத்திலேயே இட்டுவிடலாம். முட்டைகள் மூழ்கிச் சாகும். பாதி இட்டுவிட்டு, வயிற்றில் புடைப்போடு இரண்டு நாள் நின்றால் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். நீங்களே அமுக்கிப் பார்க்க வேண்டாம்.

படி 5: அடை

இன்குபேட்டரை ஒரு வாரம் முன்பே ஓடவிட்டு, சூடு 27 அல்லது 28 டிகிரியில் நிற்கிறதா என்று பாருங்கள். 32-ஐத் தாண்டினால் கரு சாகும், அல்லது குஞ்சு கோணலாகப் பிறக்கும். முட்டைப் பெட்டியில் 200 கிராம் வெர்மிகுலைட்டுக்கு (ஈரத்தைப் பிடித்துவைக்கும் கனிமத் துகள்) 200 மில்லி தண்ணீர். கையில் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வடியக்கூடாது.

கோழியை அடைவைத்துப் பழகிய கை இங்கேதான் தவறு செய்யும். கோழி முட்டையைத் திருப்பிவிட வேண்டும்; பாம்பு முட்டையைத் திருப்பவே கூடாது. கரு மேல்புறத்தில் ஒட்டிக்கொண்டு வளர்கிறது, புரட்டினால் மூழ்கிப்போகும். எடுக்கும்போதே மேல்புறத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, கோடு மேலே இருக்கும்படியே வையுங்கள். கொத்தாக ஒட்டியிருப்பதைப் பிய்க்காதீர்கள்.

ஒரு வாரம் கழித்து இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பு நரம்புகள் தெரிந்தால் கரு உண்டு. வெறும் மஞ்சளாக ஒளிர்ந்தால் பெரும்பாலும் கூமுட்டை. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். பூஞ்சை பிடித்த ஒன்றைச் செத்தது என்று முடிவுகட்டி நான் அறுத்துப் பார்த்தேன். உள்ளே கடுகளவு இதயம் துடித்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து, சுருங்கி நாறும்வரை எதையும் எறிவதில்லை.

படி 6: பொரிப்பு

ஏறக்குறைய 60 நாள். கடைசி வாரத்தில் முட்டை குழிவிழும், பயப்பட வேண்டாம். ஆனால் முதல் மாதத்திலேயே குழிந்தால் ஈரம் போதவில்லை என்று பொருள். பிறகு ஒரு காலையில் தோலில் மெல்லிய கீறல், அதன் ஓரத்தில் நுரை, நுரைக்குள் ஒரு மூக்குநுனி. நம் நிழல் பட்டதும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படியே இரண்டு நாள்வரை உட்கார்ந்திருக்கும். மிச்ச மஞ்சள் கருவை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது, இழுக்காதீர்கள்.

வெளியே வந்து பத்து நாளுக்குள் முதல் சட்டை. அதன் பிறகே முதல் தீனி.

தாயை மறந்துவிடாதீர்கள். இட்டு முடித்ததும் பெட்டியைக் கழுவி, சிறு சிறு தீனியாகக் கொடுத்துத் தேற்றுங்கள். ஆணைத் திரும்பக் காட்டாவிட்டாலும், உடலில் சேமித்த விந்தைக்கொண்டே அதே கோடையில் இரண்டாவது ஈடு இடக்கூடும். ஈற்றுப் பெட்டியை உடனே பரணில் ஏற்றிவிட வேண்டாம்.