புழக்கடைக் கோழிக்கூடு: திட்டமிடலும் கட்டுமானமும்

பகல் முழுவதும் கொல்லையில் மேய்ந்து திரியும் நாட்டுக்கோழிக்குக் கூடு தேவைப்படுவது பொழுது சாய்ந்த பிறகுதான் என்பதால், கூடு கட்ட நினைப்பவர் இரவை மனத்தில் வைத்தே எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. மரநாயோ காட்டுப்பூனையோ உள்ளே புகுந்துவிட்டால் அதற்குத் தப்பும் வழி இல்லை. இந்த அச்சத்தினாலேயே பலர் நான்கு புறமும் பலகையோ தகரமோ அடித்து, காற்றுப் புகாத பெட்டி ஒன்றைச் செய்து அதில் கோழிகளை அடைத்துவிடுகிறார்கள். விலங்கிடமிருந்து தப்பிய கோழி, தன் எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவை இரவெல்லாம் சுவாசித்து, சளி பிடித்து, கண் வீங்கி நலிகிறது. விலங்கைத் தடுக்கக் கம்பி வலை போதும். காற்றைத் தடுக்க வேண்டிய தேவையே இல்லை. கீழே வரும் அளவுகள் 10 பெட்டைகளும் ஒரு சேவலும் வளர்க்கும் வீட்டுக்கு, தமிழகத்தின் சமவெளிப் பகுதியைக் கருதித் தரப்படுகின்றன.

கூட்டின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக அமைய வேண்டும். அப்போதுதான் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கச் சுவர்களில் பட்டு நின்றுவிடும். வலை அடித்த வடக்கு, தெற்குப் பக்கங்கள் வழியாகக் காற்று தடையின்றி ஊடுருவும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்தே அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது என்பதால், சித்திரை, வைகாசி மாதங்களில் இந்தத் திசையமைப்பே அதற்குப் பெரிய துணை. மேற்கில் ஒரு வேம்போ புங்கமோ நிழல் தருமானால் மிகவும் நல்லது; ஆனால் அதன் கிளை கூரையைத் தொடக் கூடாது, தொட்டால் அதுவே மரநாய் இறங்கும் பாதையாகிவிடும். மழைநீர் தேங்காத மேட்டு நிலமாகவும், கிணற்றிலிருந்தும் அடுத்த வீட்டுச் சன்னலிலிருந்தும் தள்ளியும் இருக்கும்படி இடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

இரவில் மட்டும் அடைப்பதற்குக் கோழி ஒன்றுக்கு ஒன்றரைச் சதுர அடி போதும் என்றாலும், அடைமழைக் காலத்தில் நாள் முழுவதும் உள்ளேயே வைத்திருக்க நேரும் என்பதை எண்ணி, 6 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்ட கூடாகக் கட்டுவதே என் பரிந்துரை. ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரம் அவசியம். குனிந்து நுழைய வேண்டிய கூட்டை எவரும் ஒழுங்காகச் சுத்தம் செய்வதில்லை.

அடித்தளத்தை ஒன்றரை அடி ஆழத்தில் தொடங்கி, தரைமட்டத்துக்கு மேல் ஓர் அடி எழுப்ப வேண்டும். பெருச்சாளி மண்ணைக் குடைந்து தளத்துக்கு அடியில் வளை போடும் என்பதால், உடைந்த செங்கல்லும் ஜல்லியும் கொட்டி நன்கு திமிசு போட்டு (இடித்து இறுக்கிய) பிறகே சிமென்ட் தளம் இட வேண்டும். கழுவிய நீர் வெளியேற, தளம் வாசலை நோக்கிச் சற்றே சரிந்திருக்கட்டும். கிழக்கு, மேற்குச் சுவர்களைக் கூரை வரை எழுப்பி, வடக்கிலும் தெற்கிலும் கோழியின் முதுகு உயரத்துக்கு, அதாவது ஓர் அடிக்கு மட்டும் சுவர் வைத்து, மேற்பகுதியை வலைக்கு விட்டுவிட வேண்டும்.

வலையில் சிக்கனம் பார்க்கக் கூடாது. கடையில் கோழிவலை என்று தரும் மெல்லிய அறுகோணக் கம்பி கோழியை உள்ளே நிறுத்தி வைக்குமே தவிர, நாயின் பல்லுக்குத் தாங்காது. அரை அங்குலக் கண் கொண்ட வெல்டு மெஷ்ஷே, அதாவது கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த சதுரக்கண் வலையே, பாதுகாப்பானது. கண் பெரிதானால் பூனை முன்னங்காலை விட்டுக் கோழியைப் பற்றி இழுக்கும், குஞ்சுக்கும் முட்டைக்கும் வரும் சிறு பாம்பும் எளிதில் நுழையும். வலையைச் சட்டத்தின் வெளிப்புறத்தில் வைத்து, அதன்மேல் ரீப்பர் கட்டையை அழுத்தி, அரை அடிக்கு ஒன்றாகத் திருகாணி முடுக்க வேண்டும். வெளியிலிருந்து விலங்கு தள்ளும்போது வலை சட்டத்தோடு இன்னும் இறுகுமே ஒழியப் பெயராது. சுவரும் கூரையும் சேரும் இடத்தையும் கதவின் கீழ் விளிம்பையும் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். பெருவிரல் நுழையும் இடைவெளி எங்கிருந்தாலும் அதை அடைத்தாக வேண்டும். கதவுக்கு வெறும் கொக்கி போதாது. மேலும் கீழும் தாழ்ப்பாள் வேண்டும். கோழிகள் வந்துபோக ஓர் அடி அகலமும் ஒன்றேகால் அடி உயரமும் கொண்ட சிறுவாசல், சிறிய உடல்வாகு கொண்ட சிறுவிடை நாட்டுக்கோழிக்குப் போதும். உருவில் பெரிய பெருவிடைச் சேவல் வளர்ப்பவர்கள் உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

கூரைக்கு ஓடு சிறந்தது. தென்னங்கீற்று அதைவிடக் குளிர்ச்சி என்றாலும் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும், எலிக்கும் பூச்சிக்கும் புகலிடமாகவும் ஆகும். தகரம்தான் கைவசம் உண்டென்றால் கோடையில் அதன்மேல் கீற்றைப் பரப்ப வேண்டும். எதுவாயினும் வடக்கிலும் தெற்கிலும் இரண்டரை அடி இறவாரம் நீண்டிருக்கட்டும். வடகிழக்குப் பருவமழையின் சாரல் வடபுறமாக அடிக்கும் நாட்களில் சாக்குத் திரையைத் தொங்கவிடலாம்; அப்போதும் மேலே ஒரு சாண் திறந்திருக்க வேண்டும்.

கோழி உயரத்தில் அடையும் பறவை. ஆகவே இரண்டங்குல அகலக் கட்டைகளின் விளிம்பை இழைத்து மழுக்கி, கூட்டின் நீளத்துக்கு இரண்டை ஒரே மட்டத்தில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், இடையே ஒன்றரை அடி விட்டு வைக்க வேண்டும். ஒன்றைத் தாழ்த்தினால் மேற்கட்டைக்காக நாள்தோறும் சண்டை நடக்கும். முட்டையிட, ஓரடிச் சதுரப் பெட்டிகள் மூன்றை இக்கட்டைகளைவிடத் தாழ்வாக, இருட்டான மூலையில் வைத்தால், கோழி அதில் உறங்கி எச்சமிட்டு முட்டையை அழுக்காக்காது.

இந்தக் கட்டைகளை ஆணி அடித்து நிறுத்தாமல், தூக்கி எடுக்கும்படி தாங்கியில் வைக்க வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்ணி. கோழி உண்ணி பகலில் கட்டையின் பொருத்திலும் சுவரின் வெடிப்பிலும் ஒளிந்திருந்து, இரவில் வெளிவந்து இரத்தம் குடித்துவிட்டு மீண்டும் பதுங்கிக்கொள்ளும். கோழியின் உடலைப் பகலில் புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் எதுவும் தென்படாது. நன்றாக அடைந்துவந்த கோழிகள் திடீரென்று கூட்டுக்குள் போக மறுத்து மரத்தில் ஏறுமானால், கட்டையைத் தூக்கி அதன் அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். கத்தி முனையால் பொருத்தை நெருடும்போது தட்டையான சாம்பல் நிறப் பூச்சிகளோ இரத்தக் கறையோ வந்தால் ஐயமில்லை. வெடிப்புகளைப் பூசி, கட்டைகளைக் கொதிநீர் ஊற்றி வெயிலில் காயவைத்து, சுவருக்கு இரண்டு முறை சுண்ணாம்பு அடிக்க வேண்டும்.

தரையில் மூன்று அங்குலத்துக்கு உமியோ கடலைத் தோலோ பரப்பி, வாரம் இருமுறை கிளறிவிட வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கி விரித்தால் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி, கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் கலந்து புது உமி சேர்க்க வேண்டும். விடியலில் கதவைத் திறந்ததும், நின்றபடி மோந்து பார்க்காமல், கோழியின் தலை மட்டத்துக்குக் குந்திப் பார்க்க வேண்டும். அங்கே கண் எரிந்தால் காற்றோட்டம் போதவில்லை.

கோழிகளைப் புதுக்கூட்டில் விட்டதும் முதல் ஒரு வாரம் தீனியும் தண்ணீரும் உள்ளேயே கொடுத்து அடைத்து வைத்து, பிறகு பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பாகத் திறந்துவிட்டால், தொலைவு போகாமல் தாமே திரும்பும். வெள்ளைக்கழிச்சல் என்னும் கோழி நோய்க்குக் கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் நடத்தும் முகாம்களில் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். பின்னர் சந்தையில் வாங்கி வரும் எந்தக் கோழியையும் இரண்டு வாரம் தனியே பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு கூட்டில் சேர்க்க வேண்டும்.