ஏப்ரல் வெயிலை நம்பாதீர்கள்: ரொறன்ரோ ரோஜாத் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரொறன்ரோவில் ஏப்ரல் நடுவில் இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தால் போதும், கத்தரியும் மண்வெட்டியும் வெளியே வந்துவிடும். அதே மாதக் கடைசியில் ஸ்னோ கொட்டுவதும், மே இரண்டாம் வாரம் வரை இரவில் உறைபனி விழுவதும் இங்கே வழக்கம்தான். ஜனவரியின் மைனஸ் 20-ஐத் தாங்கி நின்ற ரோஜா, வசந்தத்தில் வந்து கருகுகிறது என்றால், பெரும்பாலும் அதைத் தூக்கத்திலிருந்து நாம்தான் முன்கூட்டியே எழுப்பியிருப்போம்.

கவாத்தில் (கிளை வெட்டுவதில்) அவசரம்

தண்டை வெட்டினால், வெட்டுக்குக் கீழே உள்ள கண்கள் விழித்துத் துளிர்விடும். அந்த இளந்துளிரில் தண்ணீர் அதிகம். ஒரே இரவு மைனஸ் 3 அடித்தாலும் கருகிவிடும். பிறகு வேரிலும் தண்டிலும் சேமித்து வைத்திருந்த சத்தைச் செலவழித்துச் செடி மறுபடி துளிர்க்க வேண்டும். இப்படி இரண்டு முறை நடந்தால், ஏற்கெனவே குளிரில் நலிந்த செடி மீள்வது கடினம்.

தேதியைப் பார்க்காமல் பார்சிதியா புதரைப் பாருங்கள். இலை வரும் முன்பே கிளை முழுக்க மஞ்சளாகப் பூக்கும் அந்தப் புதர் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அது பூப்பதுதான் ரோஜாவை வெட்டலாம் என்பதற்கு அடையாளம். சாதாரண வருடத்தில் ஏப்ரல் கடைசியில் பூக்கும். குளிர் நீடித்தால் அதுவும் தள்ளிப்போகும். அதனால்தான் நாட்காட்டியைவிட அது நம்பகமானது.

வெட்டும்போது நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வாருங்கள். ஒவ்வொரு வெட்டிலும் தண்டின் நடுப்பகுதியைக் கவனியுங்கள். பட்டை பச்சையாக இருந்தாலும் நடுவில் பழுப்பு தெரிந்தால் அந்த இடம் செத்துவிட்டது. இன்னும் கீழே போக வேண்டும். நடு வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ தெரியும் இடத்தில், வெளிப்புறம் பார்த்த ஒரு கண்ணுக்கு 5 மி.மீ. மேலே சாய்வாக வெட்டுங்கள். வருடத்தில் ஒரே தடவை பூக்கும் பழைய ரகங்களுக்கும், ஒருமுறை பூக்கும் கொடி ரோஜாக்களுக்கும் இது பொருந்தாது. அவை போன வருடக் கிளையில்தான் பூக்கும். வசந்தத்தில் காய்ந்த கிளையை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதைப் பூத்து முடிந்தபின் வெட்டுங்கள்.

குவித்த மண்ணை ஒரே நாளில் எடுப்பது

இலையுதிர்காலத்தில் அடித்தண்டைச் சுற்றி 25–30 செ.மீ. மண் குவித்திருந்தால், அதை மூன்று நான்கு தவணையாக, இரண்டு வாரத்தில் இறக்குங்கள். மொத்தமாக எடுத்தால் உள்ளே வெளிறி முளைத்திருக்கும் துளிர்கள் வெயிலையும் குளிர்காற்றையும் ஒன்றாகச் சந்திக்கும். அப்படியே மே வரை விட்டுவைப்பதும் தவறு: ஈரத்தில் தண்டு அழுகத் தொடங்கும். விரலால் எடுங்கள். உள்ளே இருக்கும் துளிர் லேசாகப் பட்டாலே ஒடிந்துவிடும்.

ஒட்டை மேலே விட்டு நடுவது

இங்கே பல ரோஜாக்கள் சாவது இதனால்தான். ஒட்டு ரோஜாவில் தண்டும் வேரும் சேரும் இடம் முடிச்சுபோலப் புடைத்திருக்கும். வெதுவெதுப்பான ஊர்களில் அதை மண்ணுக்கு மேல் விடுவார்கள். ரொறன்ரோவில் அதை மண்ணுக்கு 5 முதல் 8 செ.மீ. கீழே இறக்க வேண்டும். இல்லையென்றால் குளிரில் ஒட்டு செத்து, அடியிலுள்ள வேர்ச்செடி மட்டும் பிழைக்கும். நீங்கள் வாங்கியது மஞ்சள் ரோஜா. ஜூனில் பூப்பது அடர்சிவப்பு, அதுவும் ஒரே தடவை என்றால், அது பெரும்பாலும் வேர்ச்செடியாகப் பயன்படும் ‘டாக்டர் ஹூயி’ ரகம்தான். வேரிலிருந்து வரும் இத்தகைய காட்டுக் கிளைகளை மேலே வெட்டினால் இரட்டிப்பாக வரும். மண்ணைத் தோண்டி, வேரில் ஒட்டியிருக்கும் இடத்திலேயே பிய்த்தெடுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எங்கள் பரிந்துரை, கனடிய மத்திய விவசாயத் துறை உருவாக்கிய எக்ஸ்புளோரர் வரிசை: ஜான் காபட், வில்லியம் பாஃபின், ஷாம்ப்ளேன் போன்றவை. சொந்த வேரில் வளர்ந்த கன்றாகக் கேட்டு வாங்குங்கள். தரைமட்டம் வரை கருகினாலும் திரும்பி வருவது அதே பூவாகத்தான் இருக்கும்.

மண்ணும் உரமும்

இப்பகுதியின் களிமண்ணில் ஈரமாக இருக்கும்போது இறங்கினால், காற்று போகும் துளைகள் நசுங்கி, கோடை முழுவதும் செங்கல்லாகக் கிடக்கும். ஒரு பிடி மண்ணை உருண்டை பிடித்து விரலால் தட்டுங்கள். உதிர்ந்தால் தோண்டலாம், பிசைந்த மாவாக நின்றால் காத்திருங்கள். மண்ணில்லாமல் வெறும் வேராக வரும் கன்றுகளை நடுமுன் 12 முதல் 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

ஏப்ரலில் தழைச்சத்து உரம் போடுவது வீண் மட்டுமல்ல, கேடும்கூட. குளிர்ந்த மண்ணில் வேர் அதை அதிகம் எடுக்காது. எடுத்த கொஞ்சமும் இளந்துளிராகி உறைபனிக்கு இரையாகும். துளிர் 10–15 செ.மீ. வளர்ந்தபின் முதல் உரம் போதும். புதிதாக நட்ட வெறும்வேர்க் கன்றுக்கு முதல் பூ முடியும்வரை மட்கைத் தவிர வேறொன்றும் வேண்டாம். மண்மேல் பரப்பும் மூடாக்கும் (சருகு, மரச்சீவல்) மே கடைசியில்தான். முன்னதாகப் பரப்பினால் மண் சூடேறாது. 5–7 செ.மீ. கனம், தண்டைத் தொடாமல்.

துணைச் செடிகள்

லாவெண்டரை ரோஜாவின் காலடியில் நெருக்கி நடுவது படத்தில் அழகு. ரோஜாவுக்குச் செழிப்பான ஈரமண் வேண்டும். லாவெண்டருக்கு வறண்ட, சத்துக்குறைந்த மண். நெருக்கமாக வைத்தால் லாவெண்டர்தான் முதலில் அழுகும். பாத்தியின் வெயில் ஓரத்தில், சற்று மேடாக்கி, ‘மன்ஸ்டெட்’, ‘ஹிட்கோட்’ போன்ற குளிர் தாங்கும் ரகங்களை வையுங்கள். அது செத்தாற்போலச் சாம்பலாக நிற்கிறதே என்று மே மாதத்தில் பிடுங்காதீர்கள். அடியில் பச்சை தெரியும்வரை பொறுங்கள். இலையில்லாத மரத்தண்டு வரை வெட்டினால் திரும்பத் துளிர்ப்பது அரிது.

ரோஜாவுக்கு இதைவிடப் பொருத்தமான துணை, புதினா குடும்பத்தைச் சேர்ந்த கேட்மின்ட். ‘வாக்கர்ஸ் லோ’ ரகம் குளிரைப் பொருட்படுத்தாது, ரோஜாவின் முதல் பூவோடு சேர்ந்து நீலமாகப் பூக்கும். எதை வைத்தாலும் ரோஜாவின் அடியிலிருந்து 45 செ.மீ. தள்ளி வையுங்கள். காற்றோட்டம் இல்லாமல் இலை ஈரமாகவே இருந்தால் கரும்புள்ளி நோய் பற்றும். செண்டுமல்லி, துளசி வகைகள் மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா தினத்துக்குப் பிறகுதான் தரைக்கு வர வேண்டும். பூண்டு நட்டால் அசுவினிப் பூச்சி அண்டாது என்பதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். காலையில் குழாய்த் தண்ணீரை வேகமாகத் துளிர்களில் அடிப்பது அதைவிடப் பலன் தரும்.

உறைபனி இரவிலும் அதன் பிறகும்

மேகமில்லாத, காற்றில்லாத இரவுதான் ஆபத்து. மாலையிலேயே பழைய படுக்கை விரிப்பால் தரைவரை மூடுங்கள். மண்ணின் சூடு உள்ளே நிற்க வேண்டும். பிளாஸ்டிக் வேண்டாம்; அது இலையைத் தொடும் இடமெல்லாம் கருகும். காலையில் வெயில் ஏறுமுன் எடுத்துவிடுங்கள். அன்னையர் தினத்துக்குக் கடையில் வரும் சின்னத் தொட்டி ரோஜாக்கள் கண்ணாடிக் கூடத்தில் வளர்ந்தவை. பகலில் மட்டும் வெளியே வைத்து, நேரத்தைக் கூட்டிக்கொண்டே போய், ஒரு வாரம் பழக்கியபின் நடுங்கள்.

குளிர் வசந்தத்தில் சில துளிர்கள் மொட்டில்லாமல் நுனி மழுங்கி நின்றுவிடும். நோயென்று மருந்து தேட வேண்டாம். ஐந்து சிற்றிலைகள் கொண்ட இலைக்கு மேலே வெட்டினால் அடுத்த துளிரில் மொட்டு வரும். மே கடைசியில் இலை சல்லடையாகத் தெரிந்தால் திருப்பிப் பாருங்கள்: அடியில் பச்சைப் புழு இருக்கும். அது வாள் ஈ (sawfly) என்ற பூச்சியின் இளம்புழு, வண்ணத்துப்பூச்சிப் புழு அல்ல, ஆகவே வண்ணத்துப்பூச்சிப் புழுக்களுக்கான பி.டி. என்ற பாக்டீரியா மருந்து அதைக் கொல்லாது. ஒன்ராறியோவில் அழகுத் தோட்டங்களுக்கான பெரும்பாலான ரசாயனப் பூச்சிக்கொல்லிகள் 2009 முதல் தடை. கையால் பொறுக்குங்கள், நிறைய இருந்தால் பூச்சிக்கொல்லிச் சோப்புக் கரைசலை மாலையில், இலையின் அடிப்புறம் நனையும்படி தெளியுங்கள். புழுமேல் படாத சோப்பு வேலை செய்யாது.