நுண்ணிலைகளிலிருந்து என்ட்ரோபி மாற்றம்: எண்ணும்போது நேரும் தவறுகள்

ஓர் அமைப்புக்கு வாய்க்கக்கூடிய நுண்ணிலைகளின் (அதன் துகள்கள் அமையக்கூடிய தனித்தனி வகைகளின்) எண்ணிக்கைக்கு இயல் மடக்கை (e-ஐ அடிமானமாகக் கொண்டது) கண்டு, அதைப் போல்ட்ஸ்மேன் மாறிலியால் (1.380649 × 10⁻²³ ஜூல்/கெல்வின்) பெருக்கினால் என்ட்ரோபி கிடைக்கிறது. ஆகவே என்ட்ரோபி மாற்றத்துக்கு வேண்டியது இறுதி எண்ணிக்கைக்கும் தொடக்க எண்ணிக்கைக்கும் உள்ள விகிதமே. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துவிட்டு மடக்கை காண்பது பிழை. இரு பகுதிகள் சேர்ந்த அமைப்பில் என்ட்ரோபிகளைக் கூட்டலாம், நுண்ணிலை எண்ணிக்கைகளைப் பெருக்கத்தான் வேண்டும். வியன்னாவில் உள்ள போல்ட்ஸ்மேனின் கல்லறையில் இச்சூத்திரத்தை வெறுமனே ‘லாக்’ என்று பொறித்திருப்பதாலோ என்னவோ, 10-ஐ அடிமானமாகக் கொள்வோரும் உண்டு. அப்போது உண்மையான விடை 2.303 ஆல் வகுபட்டு வந்து நிற்கும்.

இவையெல்லாம் ஒருமுறை சுட்டிக்காட்டினால் தீர்ந்துவிடும். எதை எண்ணுகிறோம் என்பதில் நேரும் குழப்பம் அவ்வளவு எளிதில் தீராது. பெட்டியின் இடப்பாதியில் அடைபட்ட நான்கு துகள்களை எடுத்துக்கொள்வோம். இடம், வலம் என்பதை மட்டும் எண்ணினால் தொடக்கத்தில் நுண்ணிலை ஒன்றுதான். தடுப்பை நீக்கியபின் துகள்கள் பாதிக்குப் பாதி பிரிந்திருக்கும் என்று கருதி, அப்பரவலுக்குரிய 6 நுண்ணிலைகளை மட்டும் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் தடுப்பு இல்லாதபோது எல்லாப் பரவல்களும் வாய்க்கக்கூடியவையே என்பதால், எண்ண வேண்டியவை 16. முதல் கணக்கில் மாற்றம் மாறிலியின் 1.79 மடங்கு, சரியான கணக்கில் 2.77 மடங்கு. ஒரு மோல் நல்லியல்பு வாயுவில் இவ்வேறுபாடு புலப்படாது. எந்த வழியில் போனாலும் 5.76 ஜூல்/கெல்வின் என்றே வரும். தவறு பிடிபடாமல் போவதும் இதனால்தான்.

கனஅளவு கூடினால் என்ட்ரோபியும் கூடியே தீரும் என்பது இன்னொரு அவசர முடிவு. மீள் வெப்பமாறா விரிவில் (வெப்பம் உள்ளே வராமலும் வெளியே போகாமலும் மெல்ல நடக்கும், திருப்பக்கூடிய விரிவில்) இடம் சார்ந்த நுண்ணிலைகள் பெருகினாலும், வாயு குளிர்வதால் உந்தம் சார்ந்தவை அதே விகிதத்தில் குறைந்து, நிகர மாற்றம் சுழியாகிறது.

சம கனஅளவுள்ள இரு அறைகளில், ஒரே வெப்பநிலையில், ஒரே வாயுவின் ஒவ்வொரு மோல் இருக்க, இடைச்சுவரை எடுத்தால் என்ட்ரோபி மாறுவதில்லை. மூலக்கூறுகளைத் தனித்தனியே அடையாளம் காணலாம் என்று எண்ணிவிட்டால் 11.53 ஜூல்/கெல்வின் என்ற பொய்யான உயர்வு கிடைக்கும். கிப்ஸ் முரண் எனப்படுவது இதுவே. நுண்ணிலை எண்ணிக்கையை மூலக்கூறு எண்ணிக்கையின் காரணீயப் பெருக்கத்தால் (1 முதல் அவ்வெண் வரையுள்ள முழு எண்களின் பெருக்கற்பலனால்) வகுத்தால் அது மறையும். அதற்காக எங்கும் வகுத்துவிடவும் கூடாது. கார்பன் மோனாக்சைடு படிகத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் தனக்குரிய இடத்தில் நிலைகொண்டிருப்பதால், அந்த இடமே அதை வேறுபடுத்திக் காட்டிவிடுகிறது. அங்கே ஒவ்வொன்றுக்கும் உள்ள இரு திசையமைவுகளை வகுக்காமல் அப்படியே பெருக்கிக்கொண்டு போக வேண்டும்.