ஸ்போர்ட்ஸ் காருக்கு எக்ஸ்டெண்டட் வாரன்டி: விலக்குப் பக்கத்தை முதலில் படியுங்கள்

ஷோரூமில் எக்ஸ்டெண்டட் வாரன்டி (தொழிற்சாலை வாரன்டி முடிந்த பிறகும் பழுதுச் செலவை ஏற்கும், பணம் கட்டி வாங்கும் நீட்டிப்பு) பேச்சை எடுத்தாலே கையில் ஒரு வழவழத் தாளைத் திணிப்பார்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், டர்போ, ஏசி என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். அந்தத் தாளை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. முழு ஒப்பந்தத்தையும் கேளுங்கள். "பணம் கட்டினதும் மெயிலில் வரும்" என்று சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். கைக்குக் கிடைத்தால், நேரே விலக்குகள் உள்ள பக்கத்தைத் திருப்புங்கள். ஸ்போர்ட்ஸ் காரில் பெரிய செலவு வைக்கக்கூடிய பல விஷயங்கள் அந்தப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கும்.

ஒப்பந்தங்கள் இரண்டு விதமாக எழுதப்படுகின்றன. ஒரு வகையில் கவராகும் பாகங்களின் பெயர்களை மட்டும் எழுதியிருப்பார்கள். பெயர் இல்லாத பாகத்துக்குப் பைசா கிடைக்காது. இன்னொரு வகையில் கவராகாதவற்றை மட்டும் எழுதியிருப்பார்கள். மீதி எல்லாம் உள்ளே. ஸ்போர்ட்ஸ் காருக்கு இரண்டாவது வகைதான் வேண்டும். காரணம், முதல் வகைப் பட்டியல்கள் சாதாரணக் கார்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. "ஷாக் அப்சார்பர்" என்று அதில் இருக்கும். ஆனால் காந்த டேம்பரை (காந்த விசையால் இறுக்கம் மாறும் ஷாக் அப்சார்பர்) இயக்கும் கன்ட்ரோல் யூனிட், வேகத்தடையில் இடிக்காமல் காரின் மூக்கைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்ப், பின்சக்கரத்தைத் திருப்பும் மோட்டார், தானாக எழும் பின் விங்கின் மோட்டார் ஆகிய பெயர்கள் இருக்காது. பழுதாவது இவைதான்.

எந்த வகை ஒப்பந்தமானாலும் தேய்மானப் பாகங்கள் வெளியேதான்: கிளட்ச், பிரேக் பேட், டிஸ்க், டயர், பேட்டரி. கார்பன் செராமிக் டிஸ்க்கும் டிஸ்க்தான். நான்கையும் மாற்றும் செலவு சாதாரண இரும்பு டிஸ்க்கைவிடப் பல மடங்கு என்பது ஒப்பந்தத்துக்கு ஒரு பொருட்டில்லை. இரண்டு கிளட்ச்கள் மாறி மாறி வேலை செய்து தானாக கியர் மாற்றும் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸில் இந்த விஷயம் இன்னும் சிக்கலாகிறது. கியர் மாறும்போது உதறல் வருகிறது என்று வையுங்கள். கிளட்ச் தகடுகள் தேய்ந்திருந்தால் தேய்மானம், உங்கள் செலவு. கியர் மாற்றத்தை இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட்டில் ஒரு பிரஷர் சென்சார் போயிருந்தால் பழுது, அவர்கள் செலவு. சில கியர்பாக்ஸ்களில் தொழிற்சாலை உள்பாகங்களைத் தனியாகத் தராது, முழு கியர்பாக்ஸையே மாற்றச் சொல்லும். அப்போது யார் தருவது? இந்தக் கேள்வியை வாங்குவதற்கு முன்பே மெயிலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாடலின் வியாதி என்ன?

ஒவ்வொரு ஸ்போர்ட்ஸ் காருக்கும் பிறவிக் குறை என்று ஒன்றிரண்டு இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு ஒப்பந்தத்தோடு பொருத்திப் பார்ப்பதுதான் இந்த முடிவின் மையம். மூன்று உதாரணங்கள் போதும். மூன்றும் மூன்று விதமாகக் கழுத்தறுக்கும்.

போர்ஷே 911, பாக்ஸ்டர், கேமன் கார்களில் 1997 முதல் 2008 வரையான பெரும்பாலான மாடல்களில் இருந்த இன்ஜினில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்ற ஒரு தண்டு உண்டு. அதன் ஒரு முனையைத் தாங்குவது சீல் செய்யப்பட்ட பந்து பேரிங். நாளடைவில் சீல் வழியாக இன்ஜின் ஆயில் உள்ளே நுழைந்து கிரீஸைக் கழுவிவிடும். பேரிங் தளர்ந்தால் தண்டு ஆடும், வால்வுகள் திறந்து மூடும் நேரமான கேம் டைமிங் தவறும், வால்வுகள் பிஸ்டனில் மோதும், இன்ஜின் முடிந்தது. பேரிங் தளரத் தொடங்கும்போது ஆயில் ஃபில்டரில் உலோகத் துகள்கள் தெரியும். இங்கேதான் மூன்றாம் நபர் நிறுவனங்கள் (கார் கம்பெனி அல்லாமல் வாரன்டி விற்பவர்கள்) பிடிப்பார்கள்: ஒப்பந்தம் தொடங்கும் முன்பே பழுது தொடங்கிவிட்டது, எனவே கிளைம் இல்லை என்று. இதற்குப் பதில் சொல்ல ஒரே வழி, ஒப்பந்தம் தொடங்கும் வாரத்திலேயே ஆயில் மாற்றி, ஃபில்டரை வெட்டித் திறந்து, தேதி தெரியும்படி படம் எடுத்து வைப்பது. ஆயில் சாம்பிள் ஆய்வு அறிக்கையும் இருந்தால் இன்னும் பலம்.

இரண்டாவது, பிஎம்டபிள்யூ எம்3 காரில் வந்த எஸ்65 என்ற வி8 இன்ஜின். 2007-இல் அறிமுகமானது. இதில் பிஸ்டனை கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட்களின் பேரிங்குகள் தேய்கின்றன என்பது ஊரறிந்த விஷயம். விவரம் தெரிந்த உரிமையாளர்கள் முன்கூட்டியே மாற்றிவிடுகிறார்கள். ஆனால் வாரன்டி முன்னெச்சரிக்கைக்குப் பணம் தராது. உடைந்தால்தான் தரும். உடைந்த பிறகோ பேரிங் மட்டுமில்லை, கிராங்க் ஷாஃப்டும் சில நேரம் பிளாக்கும் சேர்ந்து போயிருக்கும். ஆகவே இந்த மாதிரிக் காருக்கு வாரன்டிக்குக் கட்டும் பணத்தை பேரிங் மாற்றவே செலவழிப்பது புத்திசாலித்தனம். வியாதி தெரியும், மருந்தும் தெரியும் என்கிறபோது வாரன்டி எதற்கு?

மூன்றாவது, 2006 முதல் 2013 வரை வந்த கார்வெட் இசட்06-இன் எல்எஸ்7 இன்ஜின். புகையை வெளியேற்றும் வால்வுகளை நேராகப் பிடித்திருக்கும் எக்ஸாஸ்ட் வால்வு கைடுகள் அளவுக்கு மீறித் தேய்ந்து, மோசமான நிலையில் வால்வே உடைந்து சிலிண்டருக்குள் விழும். "படிப்படியான தேய்மானம்" என்ற சொற்கள் விலக்குப் பக்கத்தில் இருந்தால், அளவெடுத்துக் காட்டினாலும் தேய்ந்த கைடுக்குப் பணம் வராது. வால்வு விழுந்தால் ஒருவேளை வரும். அந்தச் சொற்களைத் தேடிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இதே கணக்கில் உங்கள் மாடலுக்கும் ஒரு பட்டியல் தயார் செய்யுங்கள். அந்த மாடலை மட்டும் பார்க்கும் தனி மெக்கானிக் ஒருவரிடம் ஒரே கேள்வி போதும்: "உங்களிடம் வரும் இந்தக் கார்களில் பெரிய பில் போடவைப்பது எது?" டீலரிடம் இதைக் கேட்டுப் பயனில்லை.

பின்னால் நிற்பது யார்?

கார் கம்பெனியே தரும் நீட்டிப்பு ஒரு ஜாதி, மற்றவை வேறு ஜாதி. போர்ஷே பல சந்தைகளில் 15 ஆண்டு வயது வரையான கார்களுக்குத் தன் வாரன்டியை நீட்டித்துத் தருகிறது. அதற்கு முன் 111 அம்சச் சோதனை உண்டு. ஃபெராரியிலும் இன்ஜின், கியர்பாக்ஸ் போன்ற முக்கியப் பாகங்களுக்கு 15 ஆண்டு வரை நீட்டிக்கும் திட்டம் இருக்கிறது. இவற்றில் வேலை அசல் பாகத்தோடு கம்பெனி சர்வீஸ் சென்டரில் நடக்கும், மணிக்கணக்குக் கூலியில் தகராறு வராது, விற்கும்போது அடுத்தவருக்கும் அது ஒரு நம்பிக்கை.

மூன்றாம் நபர் நிறுவனம் என்றால் நான்கு எண்களைப் பாருங்கள். ஒரு கிளைமுக்கு உச்சவரம்பு எவ்வளவு? ஒரு மணி நேரக் கூலிக்கு எவ்வளவு வரை தருவார்கள்? உங்கள் மாடலின் சர்வீஸ் சென்டர் வாங்கும் கூலி அதைவிட இரண்டு மடங்கு இருந்தால் வித்தியாசம் உங்கள் பாக்கெட்டிலிருந்து. கழிவுத் தொகை (கிளைமில் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு) ஒரு வருகைக்கா, ஒவ்வொரு பழுதுக்குமா? ஒரே வருகையில் மூன்று பழுது என்றால் இந்த ஒரு சொல்லில் மூன்று மடங்கு வித்தியாசம். கடைசியாக, கிலோமீட்டர் ஏற ஏறப் பாகத்தின் விலையில் எத்தனை சதவீதத்தை உங்கள் தலையில் கட்டுகிறார்கள்? நிறுவனம் மூடிவிட்டால் கிளைமைத் தீர்க்கப் போகும் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பெயர் இல்லையென்றால் வேண்டாம்.

நீங்கள் எப்படி ஓட்டுகிறீர்கள்?

கார் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்கிறது. மேனுவல் கியரில் மூன்றுக்குப் பதில் தவறி ஒன்றில் போட்டு இன்ஜின் எகிறினால், எந்த ஆர்பிஎம், இன்ஜின் ஓடிய எத்தனையாவது மணியில் என்பது வரை கன்ட்ரோல் யூனிட்டில் பதிவாகும். போர்ஷேயின் பிந்தைய மாடல்களில் இதையே ஆறு படிகளாகப் பிரித்துச் சேமிக்கிறார்கள். வாரன்டிச் சோதனையில் முதலில் படிப்பது இதைத்தான். பழைய கார் வாங்குகிறீர்கள் என்றால், அந்த அறிக்கையை விற்பவரிடம் கேட்டுப் பார்க்காமல் நீட்டிப்பை நம்ப வேண்டாம். முந்தையவர் செய்த தவறு என்றாலும் கிளைம் மறுக்கப்படுவது உங்களுக்குத்தான்.

ரேஸ் டிராக் விஷயத்தில் ஒப்பந்த வாசகத்தின் ஒவ்வொரு சொல்லும் முக்கியம். "போட்டி" மட்டும் விலக்கா, "நேரம் அளக்கப்படும் ஓட்டம்" விலக்கா, அல்லது "டிராக்கில் எந்தப் பயன்பாடும்" விலக்கா? மூன்றுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். ஆண்டுக்கு நாலு முறையாவது டிராக்குக்குப் போகிறவர், மூன்றாவது வாசகம் உள்ள வாரன்டியை வாங்குவது வீண். அங்கே போகும் கார்தான் பழுதாகும்; அங்கே போன காருக்குத்தான் கிடையாது. நிசான் ஜிடி-ஆர் வந்த புதிதில், காரைச் சறுக்காமல் பிடிக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைத்து, நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் பாய வைக்கும் லான்ச் கன்ட்ரோல் போட்டு கியர்பாக்ஸ் போனால் வாரன்டி கிடையாது என்ற பிரச்சினை பெரிதாகப் பேசப்பட்டது. வசதியைக் காரில் கொடுத்துவிட்டு, பயன்படுத்தினால் பொறுப்பில்லை என்று எழுதுவது இந்த வர்த்தகத்தில் சகஜம்.

இசியு ரீமேப் (பவரைக் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது) செய்திருந்தால் பேச்சே இல்லை. ஆடி, ஃபோக்ஸ்வேகன் கார்களை டீலர் கம்ப்யூட்டரில் இணைத்ததும் மாற்றப்பட்ட மென்பொருள் தெரிந்து, அந்தக் காரின் பேரில் நிரந்தரக் குறிப்பு விழுந்துவிடும். பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றினாலும் அழியாது. எக்ஸாஸ்ட், வீல், லோயரிங் ஸ்பிரிங் என்று மாற்றியிருந்தால் அந்தந்தப் பகுதி சார்ந்த கிளைம்களை மறந்துவிடுங்கள்.

இதற்கு நேர் எதிர்ப் பிரச்சினையும் உண்டு, பலர் யோசிப்பதில்லை. ஷெட்டில் மூடி வைத்து ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் மட்டும் ஓடும் கார். கார் அதிகம் ஓடாவிட்டாலும் வாரன்டியின் காலம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நின்றே கெடும் காரில் போவது பேட்டரி, டயர், ரப்பர் சீல், பெட்ரோலால் அடைத்த இன்ஜெக்டர். இதில் பேட்டரியும் டயரும் எப்போதும் விலக்கு, சீல் கசிவு பல ஒப்பந்தங்களில் விலக்கு, பழைய பெட்ரோல் "தவறான பராமரிப்பு". எதற்குக் கட்டுகிறீர்கள் என்று பாருங்கள்.

கணக்கு

வாரன்டியின் விலை மூன்று ஆண்டுக்கு 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று ஆண்டில் என்ன நடக்கலாம் என்று மெக்கானிக்கிடம் கேட்டு எழுதுங்கள். உதாரணமாக: கியர்பாக்ஸ் 400 பங்கு, பத்தில் ஒரு வாய்ப்பு, ஆக 40. இரண்டு டேம்பர் 60, பத்தில் மூன்று, ஆக 18. டர்போ 150, நூற்றில் எட்டு, ஆக 12. மூக்குத் தூக்கும் சிஸ்டம் 50, ஐந்தில் ஒன்று, ஆக 10. திரை, எலெக்ட்ரானிக்ஸ் 40, நூற்றில் பதினைந்து, ஆக 6. கூட்டினால் 86. விலக்குகள், கழிவுத் தொகை, மறுப்புகள் என்று நாலில் ஒரு பங்கு போனால் கையில் வருவது சுமார் 65. நூறு கட்டி அறுபத்தைந்து. சராசரியாகப் பார்த்தால் நட்டம்தான். இல்லையென்றால் அவர்கள் கடை நடத்த முடியாது.

ஆனால் கேள்வி சராசரி பற்றியதில்லை. அந்த 400 பங்கு பில் ஒரே நாளில் வந்தால் உங்களால் கட்ட முடியுமா? முடியும் என்றால் 100 பங்கைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள், வாரன்டி வேண்டாம். அந்த பில் வந்தால் காரை விற்கவோ மாதக்கணக்கில் நிறுத்தவோ வேண்டியிருக்கும் என்றால், 35 பங்கு நட்டம் நியாயமான விலை. வாய்ப்புகள் உங்கள் மாடலில் இதைவிட அதிகம், அதே நேரம் ஒப்பந்தமும் அந்தப் பாகங்களை விலக்கவில்லை என்றால், யோசிக்காமல் வாங்கலாம். அப்படி அமைவது அபூர்வம்; கார் கம்பெனி நீட்டிப்பில்தான் பெரும்பாலும் அமையும்.

வாங்குவதானால்

தொழிற்சாலை வாரன்டி முடிய இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது பேசுங்கள். காலம் முடிந்துவிட்டால் கட்டணச் சோதனை, அதில் கண்ட குறைகளை உங்கள் செலவில் சரிசெய்தல், அதன் பிறகே ஒப்பந்தம். அந்தச் சோதனையில் தெரியக்கூடிய பழுதுகளை, காலம் முடியும் முன்பே தொழிற்சாலை வாரன்டியில் சரிசெய்துவிட்டால் இரட்டை லாபம். கார் வாங்கும் நாளிலேயே லோனில் சேர்த்து வாங்காதீர்கள்; முதல் சில ஆண்டுகள் வராத பழுதுக்கு வட்டி கட்டுவீர்கள். விலை பேசக்கூடியதுதான், டீலருக்கு இதில் நல்ல லாபம் நிற்கிறது.

மூன்றாம் நபர் ஒப்பந்தங்களில் ஆரம்பக் காத்திருப்பு உண்டு, 30 நாள் என்பது சாதாரணம். அதற்குள் வரும் பழுதுக்குப் பணமில்லை. இடையில் ரத்து செய்தால் மீதிக் காலத்துக்குப் பணம் திரும்புமா, விற்றால் புது உரிமையாளர் பேருக்கு மாற்றலாமா என்பதையும் கேளுங்கள்.

கிளைம் வரும்போது நடப்பது இது: கார் சர்வீஸ் சென்டரில் நிற்கும். காரணம் தெரிய இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்பார்கள். பிரிக்கும் கூலிக்கு அனுமதி தருவது நீங்கள். கிளைம் ஏற்கப்பட்டால் அந்தக் கூலி அவர்களுடையது, மறுக்கப்பட்டால் பிரித்துப்போட்ட இன்ஜினும் கூலி பில்லும் உங்களுடையது. எனவே நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி எண் வராமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். அவர்கள் ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டும் என்றால் அதுவரை கார் அப்படியே நிற்கட்டும்.

அதுவரைக்கும் ஒரு கோப்பு. ஒவ்வொரு ஆயில் சர்வீஸின் தேதி, கிலோமீட்டர், ஆயிலின் தரக் குறியீடு, பில். கையேடு ஆண்டுக்கு ஒரு முறை என்று சொன்னால், கார் 500 கிலோமீட்டர்தான் ஓடியது என்று தள்ளிப் போடாதீர்கள். இன்ஜின் கிளைமில் முதலில் கேட்பது அந்த பில்லைத்தான்.